அம்மா கேட்டதாக நான் எழுதியவை

அண்ணா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறைத் தோழனிடம் வேண்டாம், உன் பேராசிரியரிடம் வேண்டவே வேண்டாம், முக்கியமாக இதைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பிவிடாதே. கதவைச் சாத்திக்கொண்டு படி. நானும் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறேன், மேலூர் ரோட்டு மாவுக் கடையறையில், கிரைண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் உட்கார்ந்து. மணி பதினொன்றே முக்கால். உள் அறையில் அப்பாவின் குறட்டை கேட்கிறது, அது நின்றால் நானும் நிறுத்திவிடுவேன். முதலில் அம்மா சொன்னதை எழுதிவிடுகிறேன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். ஏன் இப்படிச் சத்தியம் செய்வது போலச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

அன்பு மகன் அரசுவுக்கு அம்மா எழுதுவது. பெருமாள் புண்ணியத்தில் நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் ஷட்டரைத் தூக்குகிறேன். இங்கே அடைமழை. அப்பாவுக்குச் சளி, மருந்து சாப்பிடமாட்டேன் என்கிறார். உனக்கு மாவு புளிக்கவில்லை என்றாய், குளிர் ஊரில் மாவுக்கு மனசு வராது, ஹீட்டர் பக்கத்தில் வை, பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதே, அது எழும்ப இடம் விடு. யாரிடமும் சண்டைக்குப் போகாதே. மார்கழியில் வரும்போது அழுக்குத் துணி இருந்தால் மூட்டையாகக் கட்டிக் கொண்டு வா, இங்கே துவைத்துக்கொள்ளலாம்.

அவ்வளவுதான் அண்ணா. இதற்கு மேல் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை மட்டும் இல்லை, நீ நார்வேயில் அந்தப் பெர்கனுக்குப் போன இந்த நாலு வருஷத்தில் எந்த முறையும் சொன்னதில்லை. போனில் பேசினால் அம்மா சாப்பிட்டியா என்பதற்கு மேல் போகமாட்டாள், அப்பாவின் போன், ஸ்பீக்கரில் போட்டால் எதிரே ஆட்டோ ஸ்டாண்டு வரை கேட்கும், அதனால் மாதம் ஒரு கடிதம் போடும்மா, நீ சொல்லு, பாப்பா எழுதட்டும் என்று நீதான் ஆரம்பித்துவைத்தாய். அப்போது நான் எட்டாவது, இப்போது பிளஸ் டூ. அம்மா உளுந்து களைந்துகொண்டே ஏழெட்டு வரி சொல்வாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நாலாவது தாளின் அடியில் தன் கையால் என்னவோ எழுதி, கீழிருந்து மேலாக மடித்து, ஒரு விரல் மாவைத் தடவி ஒட்டிவிடுவாள். மேலே நீ நிரப்பிடு என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வாள், விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து மாவு அரைக்க வேண்டுமே. நாலு தாளும் நிரம்பித்தான் போக வேண்டும். அடுத்த வீட்டுத் தூக்குவாளியைக்கூட வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டாள், நாலு மிளகாயாவது போட்டுத்தான் கொடுப்பாள், அப்படி இருக்கும்போது கடல் தாண்டிப் போகிற கவர் காலியாகப் போகலாமா. ஏழெட்டு வரியை வைத்து எட்டுப் பக்கத்தை நிரப்பச் சொன்னால் எட்டாவது படிக்கிறவள் என்ன செய்வாள். முதல் மாதம் மழையைப் பற்றி எழுதினேன். இரண்டாம் மாதம் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்ததைப் பற்றி எழுதினேன். மூன்றாம் மாதம் ஊரே தீர்ந்துபோய்விட்டது. அதற்குப் பிறகு என் மண்டையில் ஓடியதை எழுதினேன், அம்மா கேட்கிறாள் என்று போட்டு.

இதை நீ இப்போதுதான் கேட்கிறாய். நான் பத்து மாதமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். பல் விஷயம் ஞாபகம் இருக்கிறதா. அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள், பிடுங்கிய பிறகும் நாலு நாள் அதே இடத்தில் வலி. பல்லு போயிடுச்சு, வலி மட்டும் போகலை என்றாள் அம்மா, அது மட்டும்தான் அம்மாவுடையது. பல் ஆஸ்பத்திரிக் குப்பையில் கிடக்கிறது, வலி இங்கே கிடக்கிறது, அப்படியானால் இத்தனை நாள் வலித்தது பல்லா இல்லை வேறு யாராவதா, நீ மூளை என்பாய், மூளையைத் தொட்டுப் பார்த்தால் அங்கே பல்லும் இல்லை வலியும் இல்லையே தம்பி, என்று எழுதியது நான். சிவப்பு விஷயம் முழுக்க முழுக்க நான். பாலக்கரையிலிருந்து வருகிற தஹ்ஸீன் என் பக்கத்தில் உட்காருகிறவள், அவளுடைய துப்பட்டா பச்சையா நீலமா என்று எங்களுக்குள் மூன்று நாள் சண்டை, அதைத்தான் அம்மாவின் புடவையாக மாற்றி, நான் சிவப்பு என்று சொல்வதும் நீ சிவப்பு என்று சொல்வதும் உள்ளே ஒன்றுதானா, பெயர் மட்டும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஆளுக்கொரு நிறத்தைப் பார்த்துச் செத்துப்போவோமா என்று எழுதினேன். தஹ்ஸீனிடம் சொன்னபோது உங்கம்மா பாவம்டி, மாவு ஆட்டுற நேரத்துல இதெல்லாம் வேற யோசிக்கணுமா என்றாள். அப்போது சிரிப்பாக இருந்தது. பிறகு நீ, மூளை வேலை செய்வதுதான் மனம், கிரைண்டர் சுற்றுவது எப்படியோ அப்படி, என்று எளிமையாக விளக்கி எழுதியிருந்தாய். கிரைண்டர் சுற்றுவது கிரைண்டருக்குத் தெரியாது, நான் சுற்றுவது எனக்குத் தெரிகிறதே அரசு, என்று பதில் வந்ததல்லவா. அதை எழுதிய அன்று எனக்குக் கணக்குப் பரீட்சை. கணக்கில் முப்பத்தெட்டு.

போன தை மாதம் நீ போன் செய்து, அம்மா உன் கேள்விகளை என் ஆராய்ச்சியில் ஒரு அத்தியாயமாகவே வைத்திருக்கிறேன், ஐந்தாவதோடு பள்ளியை நிறுத்திய பெண் கேட்பதைப் படித்துவிட்டு இங்கே பெரிய பெரிய ஆட்கள் இன்னொரு தடவை கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள் என்று சொல்லி, ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாய். ஸ்பீக்கரில்தான். அம்மா மாவுப் பொட்டலத்துக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டே கேட்டாள். கிரைண்டர் வரி வந்தபோது தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உன்னிடம் ம் என்றாள். அவ்வளவுதான். ம், சரி, சாப்பிட்டியா என்றாள். அந்த ம்முக்குள் என்ன இருந்தது என்று நான் நாலு நாள் சாப்பிடாமல் யோசித்தேன். கோபமா, தெரிந்துவிட்டதா, ஒன்றுமே புரியவில்லையா, இல்லை ரப்பர் பேண்டு அறுந்ததற்குச் சொன்னதா. நீ என்னடா என்றால் அதற்கு அடுத்த வாரம் அப்பாவுக்கு எழுதுகிறாய், அம்மா தன் பெருமையைக் கேட்டும் ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டாள், அந்த மௌனத்தையும் அத்தியாயத்தில் சேர்த்திருக்கிறேன் என்று. அண்ணா, கோபித்துக்கொள்ளாதே, அடுத்தவருக்குள் மனம் இருக்கிறது என்பது நமக்கு எப்படித் தெரிகிறது என்பதுதானே நீ நாலு வருஷமாக ஆராய்வது. எழுத்தை வைத்தே தெரியும் என்று நிரூபித்துவிட்டாய். எழுத்துக்குப் பின்னால் ஒரு மனம் இருந்தது உண்மைதான். ஆள்தான் மாறிவிட்டது.

அந்தப் பெருமையோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். இப்போது நீ மார்கழி பிறந்து நாலாம் நாள் இரண்டு பேராசிரியர்களோடு வருகிறேன், கேமரா வைத்து அம்மாவிடம் அந்தக் கேள்விகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசப் போகிறோம் என்கிறாய். இங்கே நடப்பது உனக்குத் தெரியாது. அப்பா ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்கும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் டிக்கெட் கிழிக்கிற நேரமெல்லாம் இதே பேச்சு. என் பையன் மூளை ஆராய்ச்சிங்க, எங்க வீட்டம்மா மூளையைப் பாக்கறதுக்கே அங்கேருந்து ஆள் வருதுங்க என்கிறாராம். மனத்தைப் பற்றிய தத்துவம் என்று நீ சொல்லிக் கொடுத்ததை அவர் என்றைக்கோ மூளை டாக்டர் ஆக்கிவிட்டார், தத்துவம் என்றால் சம்பளம் என்ன என்று கேட்பார்களாம். எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் பிச்சமுத்து அண்ணன் ஒற்றைத் தலைவலிக்காரர், ஸ்கேன் படத்தைக் கவரில் போட்டுச் சீட்டுக்கு அடியில் தயாராக வைத்திருக்கிறார். அவங்க மனசைப் பத்திப் படிக்கறவங்க, தலைவலிக்குப் பாக்கமாட்டாங்க என்று நானே போய்ச் சொன்னேன். மனசோ மூளையோ பாப்பா, ரெண்டுல எது வலிச்சாலும் ஆட்டோ ஓட்டறது நான்தான், பாத்துச் சொன்னாப் போதும் என்றார். ஷட்டருக்குப் புதுப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. அம்மாவைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்து நிதானமாகப் பேசச் சொல்லி அப்பா தினமும் சொல்லிக்கொடுக்கிறார். பட்டுக் கட்டிக்கிட்டா மாவை யாரு அள்ளுறது என்கிறாள் அம்மா.

போன ஞாயிற்றுக்கிழமை நானே அம்மாவைத் தயார் செய்துவிடலாம் என்று பார்த்தேன். கேள்விகளை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டால் ஒரு மணி நேரம் ஓட்டிவிடலாம் அல்லவா. சும்மா கேட்பது போல, அம்மா நான் பாக்குற சிவப்பும் நீ பாக்குற சிவப்பும் ஒண்ணுதான்னு எப்படித் தெரியும் என்று ஆரம்பித்தேன். மிளகாய்த் தூளைக் கண்ணுல தேய்ச்சா ரெண்டு பேருக்கும் எரியுதுல்ல, அப்புறம் என்ன, போய் உளுந்தைக் களை என்றாள். எரிச்சல் வேற நிறம் வேறம்மா என்றேன். உனக்கு வேறயா, சரி, உனக்கு வேறயாவே இருக்கட்டும், உளுந்து ஒண்ணுதான் என்றாள். சரி என்று பல்லுக்கு வந்தேன். அந்த வலி யாரோடதும்மா என்றேன். யாருக்கு வேணும் அது, வேணுங்கறவங்க எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு என்றாள். கடைசியாக, கிரைண்டர் சுத்துறது கிரைண்டருக்குத் தெரியுமா என்றேன். அம்மா கிரைண்டரை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, தெரியாதுன்னு உனக்கு யாரு சொன்னா என்றாள். பிறகு சுவிட்சைப் போட்டுவிட்டாள். அண்ணா, இந்தப் பதில்களை வைத்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் என்ன செய்வது. உன் பேராசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைப்பார்கள், அம்மா அதைப் பார்த்துக்கொண்டு பட்டுப்புடவையில் உட்கார்ந்திருப்பாள். அதுதான் எனக்குப் பயம். உன் அத்தியாயம் போவதுகூட இரண்டாவதுதான், மன்னித்துக்கொள்.

இல்லை, முழுவதும் உண்மை சொல்வதென்று உட்கார்ந்துவிட்டு இதை மட்டும் மறைப்பானேன். இன்னொரு பயமும் இருக்கிறது, அது அவ்வளவு அழகானது இல்லை. விஷயம் வெளியே வந்தால் இனிமேல் கடிதம் வேண்டாம், அம்மா போனிலேயே பேசட்டும் என்று சொல்லிவிடுவீர்கள். அப்பா பி.காம் விண்ணப்பத்தைப் பற்றி இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் நான் கேள்வி கேட்டால் பாடத்துல இருக்கறதைக் கேளு என்கிறார்கள். வீட்டில் உளுந்து. மாதத்தில் ஒரு ராத்திரி, எட்டுப் பக்கம், அதில்தான் நான் நினைப்பதை ஒருத்தர் உட்கார்ந்து படித்துப் பதில் எழுதியது. அதுவும் நான் என்று தெரியாமல். என் பெயரில் எழுதியிருந்தால் நீ பதில் எழுதியிருப்பாயா, இல்லை கணக்கில் எவ்வளவு என்று கேட்டிருப்பாயா. கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. உன்னிடம் எது அம்மாவுடையது, எது என்னுடையது என்று பிரித்துக் கொடுத்துவிடலாம், நீ அத்தியாயத்தில் அடிக்குறிப்புப் போட்டுக்கொள்வாய் என்று நினைத்து நேற்று உட்கார்ந்தேன். என் நோட்டில் எல்லாக் கடிதத்துக்கும் முதலில் எழுதிப் பார்த்த ரஃப் காப்பி இருக்கிறது. சிவப்புப் பேனாவில் எனக்குக் கோடு, நீலத்தில் அம்மாவுக்கு. முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். மாவு பற்றிய கேள்விதான் உனக்கு எல்லாவற்றிலும் பெரியது, அத்தியாயத்தின் தலைப்பே அதுதான் என்றாய். அரிசிக்கும் உளுந்துக்கும் தண்ணீருக்கும் தனித்தனியே ஒன்றும் தெரியாது, மூன்றையும் கலந்து வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் அது தானாக மூச்சு விடுகிறது, அந்த மனசு ராத்திரி எத்தனை மணிக்கு எந்த வழியாக உள்ளே வந்தது என்று எழுதியிருந்தேன். எழுதியது நான். ஆனால் மாவுக்கு மனசு வரலை என்பது அம்மா தினமும் சொல்வது. மூடியைத் திறந்து பார்த்து, ஆ மூச்சு விடுது பாரு என்பதும் அம்மா. ஒரு மார்கழியில் மாவு எழும்பாமல், விடிந்த பிறகும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன கோபம் உனக்கு, எப்ப வருவே, எந்தப் பக்கமா வருவே என்று அம்மா அதோடு பேசியதை நான் பாயில் படுத்தபடி கேட்டிருக்கிறேன். அது எனக்கு ஞாபகம் வந்தது கோடு போட உட்கார்ந்த பிறகுதான். அப்படியானால் அந்தக் கேள்விக்குச் சிவப்பா நீலமா. இரண்டையும் போட்டேன், கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. பிறகு எல்லா வரியையும் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்து, நோட்டை மூடிவிட்டேன். மனம் மண்டைக்குள் இருக்கிறதா என்று நீங்கள் அங்கே ஆராய்கிறீர்கள். எந்த மண்டைக்குள் என்பதே எனக்கு இங்கே தெரியவில்லை.

அதனால் உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். வா. கட்டாயம் வா. ஆனால் கேமராவும் பேராசிரியர்களும் வேண்டாம் என்று ஏதாவது காரணம் சொல், மழை என்று சொல், அம்மாவுக்குப் பல்வலி என்று சொல், அதை அவர்கள் உடனே நம்புவார்கள். வந்தேதான் தீருவார்கள் என்றால் அம்மாவிடம் சிவப்பு, வலி எதையும் கேட்க விடாதே, மாவைப் பற்றி மட்டும் கேட்கச் சொல். அதில் அம்மாவை யாரும் மடக்க முடியாது. என்னைப் பற்றி அவர்களிடம் என்ன சொல்வாய் என்பதை நீயே முடிவு செய். திட்டுவதென்றால் வந்து திட்டு, ஸ்பீக்கரில் வேண்டாம். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆகும், அதற்குப் பிறகும் பதினைந்து நாள் இருக்கிறது, நேரம் போதும்.

தாள் முடியப் போகிறது. அடியில் அம்மாவின் மடிப்பு வந்துவிட்டது. சாயங்காலமே எழுதி ஒட்டிவிட்டுத்தான் படுத்தாள். இந்த முறை மடிப்பு வழக்கத்தைவிட அகலம், உனக்குப் பெண் ஏதாவது பார்த்திருக்கிறார்களோ என்னவோ. நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் இதைப் பிரித்துப் பார்த்ததில்லை, அதை மட்டும் நீ நம்ப வேண்டும். அம்மாவின் வாயில் எத்தனையோ வார்த்தை வைத்திருக்கிறேன், அம்மா தானாக என்ன எழுதுகிறாள் என்று மட்டும் எனக்குத் தெரியாது. தலைக்கு எண்ணெய் வை என்று இருக்கும். அப்பாவின் குறட்டை நின்றுவிட்டது. இரு, விளக்கை

அப்பா கதவைத் தட்டுகிறார் அண்ணா, இதை இப்போதே கவரில் போட்டு ஒட்டி

அரசு இது அம்மா கை. மடிப்புக்குள்ள எழுதறேன் பாப்பா பாக்கமாட்டா. அவ எழுதறது எல்லாம் நான் சொன்னது இல்லைன்னு எனக்குத் தெரியும் நீ போன்ல படிச்ச அன்னைக்கே தெரியும். நானும் கேட்டேன் நல்லா இருந்துச்சு. அதுக்கு அப்புறம் நான் இன்னும் கொஞ்சமாத்தான் சொல்றேன் அவளுக்கு இடம் வேணும்ல. வர்றவங்களை வேண்டாம்னு சொல்லாதே வரட்டும். அவகிட்ட பேசச் சொல்லு. நான் இட்லி ஊத்தித் தரேன். அவளைத் திட்டாதே பயந்துகிட்டு நாலு நாளா சரியாச் சாப்பிடலை. நீ நூறு வருஷம் நல்லா இருப்பே. தலைக்கு எண்ணெய் வை.

அம்மா
வள்ளிக்கண்ணு